ஹார்ட் பாப் இசைத்தட்டுகளும் முதல் தீர்ப்புகளும்

ஜாஸ் கேட்கத் தொடங்கும் ஒருவருக்கு இன்று யார் பட்டியல் போட்டுக் கொடுத்தாலும் அதில் ஆர்ட் பிளேக்கியின் 'மோனின்', சன்னி ரோலின்ஸின் 'சாக்ஸபோன் கொலோசஸ்', ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ டிரெய்ன்', கேனன்பால் அடர்லியின் 'சம்திங் எல்ஸ்', ஹாங்க் மோப்லியின் 'சோல் ஸ்டேஷன்' ஆகியவற்றில் இரண்டு மூன்றாவது இருக்கும். ஐந்தும் 1956க்கும் 1960க்கும் இடையில் பதிவானவை. ஐந்துக்கும் ஒலிப்பதிவாளர் ஒருவரே: ரூடி வான் கெல்டர். 1959 வரை பகலில் கண் பரிசோதனை செய்து பிழைத்தவர். நியூ ஜெர்சி ஹாக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டுக் கூடத்தையே பதிவுக்கூடமாக வைத்திருந்தார். இந்தப் பாணிக்கு ஹார்ட் பாப் என்று பெயர். பாப் இசைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை; 1940களின் பீபாப்பிலிருந்து கிளைத்தது இது.

இந்தத் தட்டுகளோடு ஒரு கதையும் சேர்ந்தே வருகிறது. வெளிவந்த காலத்தில் விமர்சகர்கள் இவற்றைக் கண்டுகொள்ளவில்லை, கண்டுகொண்டவர்களும் மட்டம் தட்டினார்கள், காலம்தான் நியாயம் வழங்கியது என்பது அந்தக் கதை. இது எவ்வளவு தூரம் உண்மை என்ற கேள்விக்கு அறுபது ஆண்டுகளாகப் பலர் பதில் சொல்லி வருகிறார்கள். விமர்சகர்களின் அளவுகோல் பிழை என்றார்கள் சிலர். அவர்களின் நிறம்தான் பிழை என்றார்கள் வேறு சிலர். சந்தையைக் காரணம் காட்டியவர்கள் உண்டு. அப்படி ஒரு புறக்கணிப்பே நடக்கவில்லை என்பவர்களும் உண்டு. இந்தப் பதில்கள் ஒவ்வொன்றும் எங்கிருந்து கிளம்பின, எங்கே பலவீனப்படுகின்றன என்று பார்ப்பதே இங்கே நோக்கம்.

கிழக்கும் மேற்கும்

1950களின் தொடக்கத்தில் ஜாஸின் பொதுமுகம் கலிபோர்னியாவில் இருந்தது. ட்ரம்பெட் கலைஞர் செட் பேக்கர் வாசகர் வாக்கெடுப்புகளில் முதலிடம் பிடித்தார். பியானோ கலைஞர் டேவ் புரூபெக் 1954 நவம்பரில் 'டைம்' பத்திரிகையின் அட்டைக்கு வந்தார். மென்மையான தொனி, கச்சிதமான இசையமைப்பு, பெரும்பாலும் வெள்ளையரான கலைஞர்கள்: இதுவே வெஸ்ட் கோஸ்ட் பாணி என்று அறியப்பட்டது. அதே 1954 பிப்ரவரியில் நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் கிளப்பில் ஆர்ட் பிளேக்கி, ஹொரஸ் சில்வர், கிளிஃபர்ட் பிரவுன் உள்ளிட்ட ஐவரின் கச்சேரியை ப்ளூ நோட் நிறுவனம் பதிவு செய்தது. ஏப்ரலில் மைல்ஸ் டேவிஸ் 'வாக்கின்' என்ற நீண்ட ப்ளூஸைப் பிரெஸ்டீஜ் நிறுவனத்துக்காக வாசித்தார். ப்ளூஸின் கனம், கறுப்பினத் தேவாலயப் பாட்டின் சாயல், முன்னால் நின்று விரட்டும் ட்ரம்ஸ் ஆகியவை மறுபடி மேடைக்கு வந்தன. ஹார்ட் பாப் என்ற பெயரைச் சூட்டியவர் பியானோ கலைஞரும் நியூயார்க் ஹெரால்ட் டிரிப்யூன் விமர்சகருமான ஜான் மெஹிகன் என்று சொல்லப்படுகிறது.

ஆக, கலிபோர்னியாவின் வெள்ளை மென்மைக்கு நியூயார்க்கின் கறுப்பு பதிலடிதான் ஹார்ட் பாப் என்ற விளக்கம் எளிதில் நிலைபெற்றது. முதல் மதிப்புரைகளில் பல இந்தச் சட்டகத்துக்குள் நின்றே எழுதப்பட்டன. சட்டகம் வசதியானது, ஆனால் ஆதாரங்கள் அதற்குள் அடங்குவதில்லை. ஹார்ட் பாப்பின் முன்மாதிரிக் குழு என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கிளிஃபர்ட் பிரவுன் – மேக்ஸ் ரோச் ஐவர் குழு உருவானதே லாஸ் ஏஞ்சல்ஸில்தான். ஹெரால்ட் லேண்டும் கர்டிஸ் கவுன்ஸும் அந்த ஊரிலேயே இருந்து இதே இசையை வாசித்தார்கள். நியூயார்க்கில் வாசித்தவர்களிலும் பெரும்பகுதி வந்தேறிகள். பால் சேம்பர்ஸ், டொனால்ட் பேர்ட், கென்னி பரல், டாமி ஃப்ளானகன் டெட்ராயிட்டிலிருந்து வந்தார்கள். லீ மார்கனும் பென்னி கோல்சனும் பாபி டிம்மன்ஸும் பிலடெல்பியாக்காரர்கள். ஹார்ட் பாப்பை எதிர்வினையாக மட்டுமே பார்க்கிறவர்கள் அந்த ஊர்களில் பீபாப் இடைவெளியில்லாமல் வளர்ந்துகொண்டிருந்ததைக் கணக்கில் எடுப்பதில்லை.

'பின்னடைவு' என்ற குற்றச்சாட்டு

அந்தக் காலக் குற்றச்சாட்டின் சாரத்தை ஒரே தலைப்பில் பிடிக்கலாம். மார்ட்டின் வில்லியம்ஸ் தொகுத்து 1959இல் வெளிவந்த 'தி ஆர்ட் ஆஃப் ஜாஸ்' நூலில் அவரே எழுதிய கட்டுரை ஒன்று ஹார்ட் பாப்பைத் தலைப்பிலேயே பின்னடைவு என்றது. தலைப்பைப் பார்த்து அவரை எதிரணியில் சேர்த்துவிட முடியாது. இந்த இசை பின்னோக்கிப் போகிறது, அலுப்பூட்டுகிறது, வலிந்து செய்யப்படுகிறது என்று சக விமர்சகர்கள் சொல்லிவந்ததை அவர் பதிவு செய்தார். அந்தப் பின்னோக்கிய நடையில் ஒரு தேவை இருந்ததாகவும் பார்த்தார். பீபாப் விட்டுச்சென்ற வடிவச் சிக்கலை ஹொரஸ் சில்வரின் குழு எப்படிக் கையாள்கிறது என்பதில் அவருக்கு அக்கறை இருந்தது. பிற்காலத்தில் இந்தத் தலைப்பைச் சான்றாக எடுத்துக்காட்டியவர்கள் பலர். அவர்களில் எத்தனை பேர் கட்டுரையைக் கடைசிவரை படித்தார்கள் என்ற சந்தேகம் வராமல் இல்லை.

குற்றச்சாட்டுக்குப் பின்னால் இருந்தது ஓர் அளவுகோல். பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே ஒதேரின் நூல் 1954இல் பிரெஞ்சிலும் 1956இல் ஆங்கிலத்திலும் வந்தது. ஜாஸைக் கட்டமைப்பு, வளர்ச்சி, வடிவ ஒருமை என்ற கோணத்தில் அலசிய அந்த நூல் அமெரிக்க விமர்சகர்களின் ஒரு தலைமுறைக்கே பாடநூலானது. மாசசூசெட்ஸின் லெனாக்ஸில் 1957 முதல் 1960 வரை நடந்த கோடைக்கால ஜாஸ் பள்ளி, நாட் ஹென்டாஃபும் வில்லியம்ஸும் 1958இல் தொடங்கிய 'தி ஜாஸ் ரிவ்யூ' இதழ், ஐரோப்பியச் செவ்வியலையும் ஜாஸையும் இணைக்கக் குந்தர் ஷுல்லர் முன்வைத்த 'மூன்றாம் நீரோட்டம்' ஆகிய எல்லாம் ஜாஸ் முன்னேறிக்கொண்டே இருக்க வேண்டிய கலை என்ற நம்பிக்கையில் நடந்தவை. அந்த நம்பிக்கையோடு கேட்டால் ஹார்ட் பாப் இடறத்தான் செய்யும். மெட்டை ஒருமுறை வாசிப்பது, பிறகு ஒவ்வொருவராக மனோதர்மம், ட்ரம்ஸோடு மாறி மாறிச் சில சுற்றுகள், மறுபடி மெட்டு என்ற அதே அமைப்பு தட்டுக்குத் தட்டு வந்தது. பக்கத்துக்கு இருபது நிமிடம் ஓடும் பன்னிரண்டு அங்குலத் தட்டு 1950களின் நடுவில் வழக்கமாகிவிட்டதால் மனோதர்மமும் நீண்டது. வடிவத்தைத் தேடிய காதுக்கு இது சோம்பலாகப் பட்டது.

நியூயார்க்கரில் 1957 முதல் எழுதிய விட்னி பாலியெட்டுக்கு வேறு விதமான மனத்தடை. அவர் தொனியின் ரசிகர். பழைய ஸ்விங் கலைஞர்களின் உருண்ட ஒலியை வர்ணிப்பதில் அவருக்கு நிகர் இல்லை. ஹார்ட் பாப் சாக்ஸபோன்களின் உலர்ந்த, கூரிய ஒலி அவருக்கு முரடாகக் கேட்டது. கொள்கை அளவுகோலைவிட இந்தச் செவி விருப்பம் நேர்மையானது என்றே எனக்குப் படுகிறது. பிடிக்கவில்லை என்று சொல்வதற்கு அது வரலாற்றைத் துணைக்கு அழைக்கவில்லை.

பின்னடைவு வாதத்தின் பலவீனம் விரைவிலேயே வெளிப்பட்டது. 1959 நவம்பரில் அவாங்கார்ட் சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் வாசிக்கத் தொடங்கியதும் முன்னேற்றத்தின் முகவரி மாறியது. இரண்டு ஆண்டு கழித்து, 1961 நவம்பரில், 'டவுன்பீட்' இதழில் ஜான் டைனன் கோல்ட்ரேனும் எரிக் டால்ஃபியும் வாசிப்பது ஜாஸுக்கே எதிரான ஜாஸ் என்றார். எந்த ஜாஸுக்கு எதிரானது? ஓடும் தாளம், தெரிந்த ஸ்வரக்கட்டு, திரும்பி வரும் மெட்டு. அதாவது ஏறக்குறைய ஹார்ட் பாப்பின் இலக்கணம். நான்கைந்து ஆண்டுகளுக்குள் பின்னடைவு என்று பேசப்பட்டது மரபாகிவிட்டது. இடையில் அதை நிகழ்காலமாக வைத்துக் கேட்டவர்கள் குறைவோ என்று எண்ணத் தோன்றுகிறது.

பாராட்டுக்குள் ஒரு முகச்சுளிப்பு

தட்டு தட்டாக எடுத்துப் பார்த்தால் புறக்கணிப்புக் கதை தடுமாறுகிறது. சிகாகோவிலிருந்து இரு வாரத்துக்கு ஒருமுறை வந்த 'டவுன்பீட்' ஐந்து நட்சத்திர அளவில் தட்டுகளை மதிப்பிட்டது. தெலோனியஸ் மங்கின் 'பிரில்லியன்ட் கார்னர்ஸ்' 1957இல் வந்தபோது ஹென்டாஃப் அதற்கு ஐந்தும் கொடுத்தார். தலைப்புப் பாட்டு முழுசாக ஒருமுறைகூட முடியாமல், இருபத்தைந்து முயற்சிகளின் துண்டுகளை ஒட்டி ரிவர்சைடு நிறுவனம் உருவாக்கிய தட்டு அது.

'சாக்ஸபோன் கொலோசஸ்' தட்டைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். 1956 ஜூன் 22 அன்று ரோலின்ஸ், டாமி ஃப்ளானகன், டக் வாட்கின்ஸ், மேக்ஸ் ரோச் நால்வரும் ஐந்து பாடல்களை வாசித்து முடித்தார்கள். நான்கு நாள் கழித்து, ரோலின்ஸும் ரோச்சும் அப்போது இருந்த குழுவின் கிளிஃபர்ட் பிரவுன் சாலை விபத்தில் இறந்தார். தட்டு அடுத்த ஆண்டு வெளிவந்ததும் ரால்ஃப் கிளீசன் 'டவுன்பீட்'டில் உற்சாகமாக எழுதினார். ஆனால் அவர் பாராட்டிய விதம் கவனிக்கத் தக்கது. நியூயார்க்கின் வேகமான, கடினமான வாசிப்பாளர்களிடம் நயமும் அழகும் இல்லை என்று ஒரு புகார் இருக்கிறது. அதற்கு இந்தத் தட்டு பதில் போல இருக்கிறது, இதில் நகைச்சுவையும் மென்மையும் உண்டு என்பது அவர் வாதத்தின் போக்கு. தட்டு உயர்த்தப்படுகிறது, அதன் கூட்டத்தார் மேலுள்ள புகார் அப்படியே நிற்கிறது. நல்ல தட்டு விதிவிலக்காகிவிடுகிறது.

ஓராண்டுக்குப் பிறகு ஷுல்லர் இதையே வேறொரு தளத்துக்குக் கொண்டுபோனார். 'தி ஜாஸ் ரிவ்யூ'வின் முதல் இதழில், 1958 நவம்பரில், அந்தத் தட்டில் உள்ள 'ப்ளூ செவன்' என்ற பதினொரு நிமிட ப்ளூஸை ஸ்வரம் ஸ்வரமாக அலசினார். ரோலின்ஸ் தோன்றியபடி வாசித்துப் போகவில்லை, தொடக்கத்து மெட்டின் சிறு துணுக்குகளை எடுத்து வளர்த்து, முழு வாசிப்பையும் ஒரே கட்டுமானமாக்குகிறார் என்பது அவர் முடிவு. ஜாஸ் விமர்சனத்தில் இன்றுவரை அதிகம் எடுத்தாளப்படும் கட்டுரைகளில் இது ஒன்று. இதற்கு எதிர்ப்பும் வந்தது. பெரும்பாலான ஜாஸ் கலைஞர்கள் பழக்கமான சொற்கட்டுகளைச் சேர்த்துச் சேர்த்தே வாசிக்கிறார்கள். அதைக் குறை என்று பார்ப்பது சோனாட்டாவைக் கேட்கும் செவியோடு ப்ளூஸைக் கேட்பதாகும் என்று பின்வந்த ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். ரோலின்ஸின் எதிர்வினை இன்னும் சுவையானது. தன் வாசிப்பைப் பற்றி அப்படிப் படித்தது தன்னைச் சங்கடத்துக்குள்ளாக்கியது என்றும், அதன்பின் மதிப்புரைகளைப் படிப்பதைத் தவிர்த்ததாகவும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1959 முதல் 1961 வரை கச்சேரிகளை நிறுத்திவிட்டு வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மீது நின்று தனியாகச் சாதகம் செய்த காலம் இதை ஒட்டியே வருகிறது. இரண்டையும் காரணகாரியமாக முடிச்சுப் போடுவது சரியல்ல. அவரே வேறு காரணங்களையும் கூறியிருக்கிறார்.

கோல்ட்ரேன் விஷயமும் இப்படியே. 1958 நியூபோர்ட் விழாவைப் பற்றி எழுதிய 'டவுன்பீட்' அவரது டெனர் சாக்ஸபோனைக் கோபக்கார டெனர் என்றது. அதே ஆண்டு அக்டோபரில், அதே இதழில், ஐரா கிட்லர் அவரைப் பற்றி ஆதரவாக ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதில் கோல்ட்ரேன் பொறுமையாக மறுக்கிறார்: தனக்குக் கோபம் இருந்தால் அது நினைத்ததை வாசிக்க முடியாதபோது தன் மேலேயே வரும் கோபம்தான் என்று. கறுப்புக் கலைஞரின் கடும் ஒலியை உணர்ச்சி வெடிப்பாக மட்டும் கேட்கும் பழக்கம் பகைவர்களிடம் மட்டும் இருக்கவில்லை.

நிறமும் அதிகாரமும்

இங்கிருந்துதான் அமிரி பராகாவின் வாதம் தொடங்குகிறது. அப்போது லீராய் ஜோன்ஸ் என்ற பெயரில் எழுதிய அவர் 1963இல் 'டவுன்பீட்'டிலேயே 'ஜாஸ் அண்ட் தி ஒயிட் கிரிட்டிக்' கட்டுரையை வெளியிட்டார். முக்கியமான ஜாஸ் கலைஞர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள், விமர்சகர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். அவர்கள் ஸ்வரங்களைக் கேட்கிறார்களே தவிர ஸ்வரங்களைப் பிறப்பிக்கும் வாழ்க்கை நோக்கைக் கேட்பதில்லை என்பது அதன் மையம். ஃப்ராங்க் காஃப்ஸ்கி 1970இல் வந்த நூலில் இதைப் பொருளாதாரத்தோடு பிணைத்தார். இசைத்தட்டு, வாத்தியக் கம்பெனிகளின் விளம்பரத்தில் நடக்கும் பத்திரிகைகள் யாருக்காகப் பேசும் என்று கேட்டார். ஹார்ட் பாப் அவருக்குக் கறுப்பினத் தன்மான அரசியலின் ஒலிவடிவம்.

முகச்சுளிப்பின் வேரை இந்த வாதம் நன்றாகவே காட்டுகிறது. எல்லாவற்றையும் அது விளக்கிவிடுகிறதா என்பது வேறு. முதல் சிக்கல் பராகாவிடமே இருக்கிறது. அதே 1963இல் வந்த 'ப்ளூஸ் பீப்பிள்' நூலில், ஹார்ட் பாப் கறுப்பு உணர்வை மீட்க எழுந்தது என்று வரவேற்ற கையோடு, அது சீக்கிரமே வாய்ப்பாடாகிவிட்டது, வேரைத் தேடிப் போய் வேரின் மேற்பூச்சோடு திரும்பிவிட்டது என்ற பொருளிலும் எழுதினார். வெள்ளை விமர்சகர்களின் 'அலுப்பூட்டுகிறது' என்ற புகாரிலிருந்து இந்தத் தீர்ப்பு அதிக தூரத்தில் இல்லை, காரணம்தான் வேறு. ஆர்னெட் கோல்மன், செசில் டெய்லர் பக்கம் நின்றுதான் அவரும் பார்த்தார்.

இரண்டாவது சிக்கல், விமர்சகர்கள் ஒரே அணியாக இருக்கவில்லை. கலைஞர்களின் குரலை அச்சில் ஏற்ற ஹென்டாஃப் உழைத்தார். 1962 ஏப்ரலில் டான் டிமைக்கேல், கோல்ட்ரேனும் டால்ஃபியும் தங்கள் விமர்சகர்களுக்குப் பதில் சொல்ல 'டவுன்பீட்'டில் இடம் கொடுத்தார். ஹார்ட் பாப் ட்ரம்பெட் கலைஞர்களில் முதல் வரிசையில் இருந்த கென்னி டோரம் 1960களின் நடுவில் அதே இதழுக்கு இசைத்தட்டு மதிப்புரைகள் எழுதினார். புதிய அவாங்கார்ட் இசையிடம் அவர் கண்டிப்பாகவே நடந்துகொண்டார். ஜான் ஜெனாரி 2006இல் வெளியிட்ட ஜாஸ் விமர்சன வரலாறு இந்த ஊடாட்டங்களை விரிவாகக் காட்டுகிறது. விமர்சகர்கள் எதிரியாகவும் தரகராகவும் நண்பராகவும் ஒரே நேரத்தில் இருந்தார்கள் என்ற அவர் சித்திரத்தில் யார் மீதும் எளிதாகப் பழி போட முடிவதில்லை.

விற்றதும் குற்றமாயிற்று

ஹார்ட் பாப்பின் ஒரு பகுதி நன்றாக விற்றது. விமர்சகர்களின் சங்கடத்துக்கு அதுவும் ஒரு காரணம். 1955 பிப்ரவரியில் ஹொரஸ் சில்வர் 'தி பிரீச்சர்' என்ற மெட்டோடு பதிவுக்கு வந்தபோது ப்ளூ நோட்டின் ஆல்ஃப்ரெட் லயனே அதை வேண்டாம் என்றார். பழைய டிக்ஸிலேண்ட் போல இருக்கிறதாம். சில்வர் விடவில்லை. அந்த மெட்டுதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. ஆகவே பின்னோக்கிப் போகிறது என்ற முதல் எதிர்ப்பு வெளியிட்டவரிடமிருந்தே வந்தது; பத்திரிகைகள் பிறகுதான் சேர்ந்துகொண்டன.

1959 அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோவின் ஜாஸ் ஒர்க்‌ஷாப் கிளப்பில் கேனன்பால் அடர்லி குழுவை ரிவர்சைடு பதிவு செய்தது. பாபி டிம்மன்ஸின் 'திஸ் ஹியர்' அதில் இருந்தது. தேவாலயத் தொனியில், கைதட்டோடு ஓடும் மெட்டு. தட்டு எதிர்பாராத அளவுக்கு விற்றது. 'சோல்' என்ற சொல் விளம்பரச் சரக்காகிவிட்டது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு தேவாலய மெட்டையும் விமர்சகர்கள் ஐயத்தோடு பார்த்தார்கள். அந்த ஐயம் முழுக்க அநியாயம் என்று சொல்ல முடியாது. லீ மார்கனின் 'தி சைட்வைண்டர்' 1963 டிசம்பரில் பதிவாகி, 1964இல் வெளிவந்து, பில்போர்டின் பொது ஆல்பப் பட்டியலில் 25ஆம் இடம் வரை ஏறியது. கார் விளம்பரத்துக்கும் போனது. அதன்பின் ப்ளூ நோட் தட்டுகளின் முதல் பாட்டு அதே பூகலூ நடனத் தாளத்தின் சாயலில் அமைவது வழக்கமானது. மார்கனின் அடுத்தடுத்த தட்டுகளிலேயே இதைக் கேட்கலாம். அவரது ஆழமான முயற்சிகளில் ஒன்றான 'சர்ச் ஃபார் தி நியூ லேண்ட்' 1964 பிப்ரவரியிலேயே பதிவாகிவிட்டது. கடைக்கு வந்தது 1966இல். விமர்சகர்கள் சொன்ன வாய்ப்பாடு நிஜமாகவே இருந்தது. ஆனால் அது எல்லாக் கலைஞர்களின் சோம்பலில் பிறந்ததா, வெளியீட்டு வரிசையை முடிவு செய்தவர்களின் கணக்கில் பிறந்ததா என்பதை மதிப்புரை எழுதியவர் அறிய வழியில்லை.

தட்டுகளின் வெள்ளம்

எனக்கு மிகவும் பொருட்படுத்தத் தக்கதாகத் தோன்றும் விளக்கம் கொள்கையைவிட நடைமுறை சார்ந்தது. ப்ளூ நோட், பிரெஸ்டீஜ், ரிவர்சைடு, சவாய் நான்கும் ஒரே சிறு வட்டத்துக் கலைஞர்களை மாற்றி மாற்றி அமர்த்தி மாதந்தோறும் தட்டுகளை வெளியிட்டன. பிரெஸ்டீஜில் ஒத்திகைக்குப் பணம் கிடையாது; ப்ளூ நோட்டில் உண்டு. அந்த இரண்டு நாள் ஒத்திகைதான் இரு நிறுவனங்களுக்கும் உள்ள வித்தியாசம் என்று துறையில் ஒரு பேச்சு உண்டு. பத்திரிகையில் ஒரு தட்டுக்கு ஒதுக்கப்பட்ட இடம் சில அங்குலம். பால் சேம்பர்ஸின் பாஸ் வராத வாரம் அரிது. இந்த நிலையில் ஒரு தட்டை இன்னொன்றிலிருந்து பிரித்துக் கேட்க உழைப்பு வேண்டியிருந்தது.

வெளியீட்டு வரிசையும் குழப்பியது. மைல்ஸ் டேவிஸ் பிரெஸ்டீஜுக்கான ஒப்பந்தக் கடனைத் தீர்க்க 1956இல் மே 11, அக்டோபர் 26 ஆகிய இரண்டே நாள்களில் பெரும்பகுதியை வாசித்துக் கொடுத்தார். நிறுவனம் அதை 'குக்கின்', 'ரிலாக்ஸின்', 'வர்க்கின்', 'ஸ்டீமின்' என்று நான்கு தட்டுகளாக்கி 1957 முதல் 1961 வரை சிறுகச் சிறுக விட்டது. நான்காவது தட்டு வந்தபோது 'கைண்ட் ஆஃப் ப்ளூ' வெளியாகி ஈராண்டு ஓடியிருந்தது. ஒரே நாளின் வாசிப்பு 1957இல் புதுமை, 1961இல் பழங்கணக்கு.

விமர்சகர்களின் கைகளும் முழுக்க விடுபட்டவை அல்ல. தட்டு உறையின் பின்பக்கக் குறிப்பை எழுதியவர்கள் இதே கிட்லர், ஹென்டாஃப், லியோனர்ட் ஃபெதர்தாம். கிட்லர் பிரெஸ்டீஜிலேயே வேலை பார்த்தவர். ஹென்டாஃப் 1960இல் கேண்டிட் என்ற நிறுவனத்தின் பதிவுகளை நடத்தினார். பாராட்டு உறையில் அச்சாகிவிட்டதால் மதிப்புரையில் சமன்செய்ய வேண்டிய கட்டாயம் இருந்திருக்குமோ என்று ஊகிக்கலாம், நிரூபிப்பது கடினம்.

ஹாங்க் மோப்லி இந்தச் சூழலில் அடிபட்டவர். ஃபெதர் அவரை டெனர் சாக்ஸபோனின் மிடில்வெயிட் சாம்பியன் என்றார். ரோலின்ஸ், கோல்ட்ரேன் போன்ற கனத்த தொனியும் அல்ல, ஸ்டான் கெட்ஸ் போன்ற மெல்லிய தொனியும் அல்ல, நடுவில் ஒன்று என்பதே அவர் சொன்னது. அது தொனியைப் பற்றிய வர்ணனை. தகுதியைப் பற்றிய தீர்ப்பாக அது படிக்கப்பட்டு, அவருக்கு இரண்டாம் தரப் பட்டயமாகவே ஒட்டிக்கொண்டது. 'சோல் ஸ்டேஷன்' 1960 பிப்ரவரியில் பதிவானது. கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' கடைக்கு வந்துகொண்டிருந்த நேரம். ஊரெங்கும் கோல்மன் பேச்சு. அப்போது தாளத்துக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து, அவசரமில்லாமல் மெட்டை அவிழ்க்கும் ஒருவரைப் பரபரப்பாக எழுத யாருக்கும் காரணம் இருக்கவில்லை. ப்ளூ நோட்டுக்காக இருபதுக்கும் மேற்பட்ட தட்டுகளுக்குத் தலைமை ஏற்றவர் அவர். அவற்றில் 1966இல் பதிவான 'எ ஸ்லைஸ் ஆஃப் தி டாப்' வெளிவந்தது 1979இல்.

இன்னொரு டெனர் சாக்ஸபோன் கலைஞரான டீனா புரூக்ஸின் நிலை இன்னும் மோசம். 1958க்கும் 1961க்கும் இடையில் தலைமையேற்று நான்கு அமர்வுகள் பதிவு செய்தார். அவர் உயிரோடு இருந்தவரை வெளிவந்தது 'ட்ரூ ப்ளூ' ஒன்றுதான். 'பேக் டு தி ட்ராக்ஸ்' தட்டுக்கு வரிசை எண் கொடுத்து உறையும் தயாரான பிறகும் அது அலமாரியிலேயே தங்கிவிட்டது. அவர் 1974இல் இறந்தார். விமர்சகர்கள் புறக்கணித்தார்கள் என்ற கதையில் புரூக்ஸின் பெயரும் அடிக்கடி வருகிறது. கேட்கக் கொடுக்காத இசையை யார் புறக்கணிக்க முடியும்?

முடிசூட்டியவர்கள்

'கிளாசிக்' என்ற தகுதி எங்கிருந்து வந்தது என்பதில் பழைய வரலாறுகள் அமெரிக்காவுக்கு வெளியே பார்ப்பதில்லை. பிளேக்கியின் குழு 1958 நவம்பரில் பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் வாசித்தபோதே 'மோனின்' அங்கே விருப்பப் பாட்டாகிவிட்டது. 1961 ஜனவரியில் அக்குழு ஜப்பான் போனது. அங்கே கிளம்பிய அலைக்கு 'ஃபங்கி பூம்' என்றே பெயர் விழுந்தது. சோபா நூடுல்ஸ் கொண்டுபோகும் பையன்கூட 'மோனின்' மெட்டை முணுமுணுத்தான் என்று அந்நாட்டில் சொல்வார்கள். காபிக் கடையில் அமர்ந்து பேசாமல் தட்டுக் கேட்கும் 'ஜாஸ் கிஸ்ஸா' பழக்கம் அந்த ரசனையைக் காப்பாற்றி வைத்தது. சன்னி கிளார்க்கின் 'கூல் ஸ்ட்ரட்டின்' அமெரிக்காவில் சத்தமில்லாமல் வந்து போன தட்டு; கிளார்க் 1963 ஜனவரியில் முப்பத்தொரு வயதில் இறந்தார். ஜப்பானில் அது ஜாஸின் முகங்களில் ஒன்று.

ப்ளூ நோட் 1965இல் லிபர்ட்டி நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 1970களில் மைக்கேல் கஸ்குனா அதன் கிடங்கில் இறங்கி, வெளிவராத அமர்வுகளைத் தேடி எடுத்தார். ஜப்பானிய நிறுவனங்கள் அவற்றை ஆவலோடு அச்சிட்டன. கஸ்குனா பங்குதாரராகத் தொடங்கிய மொசைக் நிறுவனம் புரூக்ஸின் முழுத் தொகுப்பை 1985இல் கொண்டுவந்தது. அதே ஆண்டில் ப்ளூ நோட் பெயரும் உயிர்பெற்றது. விண்டன் மார்சாலிஸ் தலைமுறை பிளேக்கியின் குழுவில் பயின்று வெளியேறியது. 1993இல் லண்டனின் அஸ்3 குழு ஹெர்பி ஹான்காக்கின் 1964ஆம் ஆண்டு வாசிப்பை ஹிப்ஹாப்பில் ஒட்டி உலக வெற்றி கண்டது.

நூல்வடிவில் முதல் பெரிய மறுமதிப்பீடு டேவிட் ரோசென்தாலுடையது. கவிஞர், கத்தலான் மொழிபெயர்ப்பாளர். ஜாஸ் துறைக்கு ஒருவகையில் வெளியாள். அவரது 'ஹார்ட் பாப்' 1992இல் வந்தது. வெகுஜன இசையை ஒட்டியவர்கள், இருண்ட மனநிலை கொண்டவர்கள், மென்மையான பாடல்தன்மை உடையவர்கள், பரிசோதனையாளர்கள் என நான்கு கிளைகளாக இந்த இசையை அவர் பிரித்தார். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்ற பழைய புகாருக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஆனால் மங்க், மிங்கஸ், ஆண்ட்ரூ ஹில் எல்லோரையும் உள்ளே கொண்டுவந்தால் ஹார்ட் பாப்புக்கு வெளியே யார் மிச்சம் என்ற கேள்வியும் எழுகிறது. ஸ்காட் டிவோ 1991இல் எழுதிய கட்டுரை இதற்குப் பின்னுள்ள சிக்கலைத் தொட்டது. ஜாஸ் வரலாற்றைப் பாணிகளின் நேர்கோட்டு வரிசையாக எழுதும் வழக்கமே ஒரு கட்டுமானம் என்றார் அவர். அதை ஏற்றால் 'பின்னடைவு', 'மறுமலர்ச்சி' என்ற இரு தீர்ப்புகளும் ஒரே கோட்டில் நின்று பேசுபவைதாம்.

தீராதவை

கிடைக்கும் சான்றுகளை வைத்து ஓரளவு நிதானத்தோடு சொல்லக்கூடியது இவ்வளவு: தனித்தனித் தட்டுகளிடம் முதல் விமர்சகர்கள் பல நேரம் தாராளமாகவே இருந்தார்கள், ஒட்டுமொத்தப் பாணி என்று வந்தபோது கைவிரித்தார்கள். புறக்கணிப்புக் கதை இரண்டாவதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது. தாராளத்துக்குள்ளும் நிறம் சார்ந்த முன்முடிவு ஓடியது என்பதை மறுப்பது கடினம். அது எல்லாத் தீர்ப்புகளையும் முடிவு செய்தது என்று சொல்வதும் கடினம்.

இந்த விவாதம் முழுக்க 'டவுன்பீட்', 'தி ஜாஸ் ரிவ்யூ', 'நியூயார்க்கர்' என்ற சில இதழ்களை நம்பி நடக்கிறது என்பதே பெரிய குறை. சிகாகோ டிஃபெண்டர், பிட்ஸ்பர்க் கூரியர், ஆம்ஸ்டர்டாம் நியூஸ் போன்ற கறுப்பினச் செய்தித்தாள்கள் இதே தட்டுகளைப் பற்றி என்ன எழுதின என்பது அதே அளவுக்கு இந்த வரலாற்றுக்குள் வரவில்லை. பராகாவின் வாதத்துக்கு உண்மையான சோதனை அங்கேதான் இருக்கிறது. கறுப்பர் குடியிருப்புகளின் மதுக்கடை ஜூக்பாக்ஸ்களுக்காக ப்ளூ நோட் இந்தப் பாடல்களைச் சிறு 45 சுழற்சித் தட்டுகளாகவும் அச்சிட்டது. நீண்ட பாட்டை இரண்டாக வெட்டி, இரு பக்கங்களில். அந்த ஜூக்பாக்ஸில் காசு போட்டவர்கள் மதிப்புரை எழுதவில்லை. எந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி போட்டார்கள் என்பதும் இசைத்தட்டு வரலாற்றுக்குள் இன்னும் சரியாக வந்துசேரவில்லை.